நீலகிரி ஆய்வு நூற்பட்டியல் பக்கம்: ஃபில்டர், தேடல், பெயர் வரிசை எல்லாம் திணறுகிறது. எதிலிருந்து சரிசெய்யலாம்?

கேத்திக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, புத்தகம், முனைவர் பட்ட ஆய்வேடு, அரசு அறிக்கை எல்லாவற்றின் விவரத்தையும் ஒரே பக்கத்தில் தேடிப் பார்க்கும்படி நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திவருகிறோம். ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கத்து மாணவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். பழங்குடி ஆய்வு, தேயிலை, மண் அரிப்பு, சோலைக்காடு, மொழியியல் என்று எல்லாத் துறையும் அதில் கலந்து கிடக்கிறது.

பக்கம் ஓடுவது எக்ஸிபிட் என்ற பழைய மென்பொருளில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் சிமைல் திட்டத்தில் டேவிட் ஹுவின் முதலானவர்கள் செய்தது, 2007இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள். டேட்டாபேஸ், சர்வர் நிரல் எதுவும் வேண்டாம், பதிவுகளை எழுதி வைக்கும் ஒரு ஜேசன் கோப்பும் ஒரு எச்டிஎம்எல் பக்கமும் இருந்தால் ஓரத்தில் ஃபில்டர்களும் நடுவில் பட்டியலும் வந்துவிடும். கையில் காசில்லாமல் தொடங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. இப்போது பதிவுகள் கூடிவிட்டன. மொபைலில் திறந்தால் வெகுநேரம் வெள்ளைத் திரைதான் தெரிகிறது. தமிழில் தேடினால் சம்பந்தமில்லாததெல்லாம் வருகிறது. ஆசிரியர் ஃபில்டரில் ஒரே ஆள் நாலு இடத்தில் நிற்கிறார். சமூகம் என்ற ஃபில்டரைத் திறந்தால் தோடர் மட்டும் ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் இருக்கிறார்கள்.

இதையே செப்பனிடலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஏதாவது பிடிக்கலாமா? இந்த வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் மனம் வைத்துச் சொல்லுங்கள். மலையைப் பற்றி எழுதப்பட்டது எல்லாம் மலையில் இருக்கிறவர்கள் கைக்கு வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

கோத்தகிரி நிரலர்

அண்ணா, தூக்கிப் போட வேண்டாம். அந்த ஃபில்டர் யோசனை இன்றைக்கும் நல்ல யோசனைதான். பட்டியலைச் சுருக்கச் சுருக்க ஒவ்வொரு ஃபில்டரிலும் எண்ணிக்கை மாறிக்கொண்டே வருவதில்தான் புதிதாக வருகிற மாணவருக்கு "இந்தத் தலைப்பில் இவ்வளவு இருக்கிறதா" என்ற பிடி கிடைக்கிறது. வெறும் தேடல் பெட்டியால் அதைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் எதைத் தேடுவது என்றே அவருக்கு இன்னும் தெரியாது.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் அதன் அடிப்படை அமைப்பு. மொத்தத் தரவும் உங்கள் மொபைலுக்கு இறங்கி, அங்கே ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன டேட்டாபேஸாக அடுக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் முதல் வரியே திரையில் வரும். சில நூறு பதிவுகளுக்கு அது போதும், ஆயிரக்கணக்கில் போனால் திணறும். பின்னால் வந்த மூன்றாம் பதிப்பில் பெரிய தரவுக்கென்று சர்வரோடு ஓடும் ஸ்டேஜ்டு என்ற வகையைக் கொண்டுவந்தார்கள், ஆனால் அப்போது நாம் சர்வரைக் கட்டி மேய்க்க வேண்டும். இன்னொன்று, நூல் விவரங்களை எழுதி வைக்கும் பிப்டெக்ஸ் என்ற கோப்பு வகையைப் பழைய பதிப்பு தானே படிக்காது, பேபல் என்ற வெளிச் சேவைக்கு அனுப்பி ஜேசனாக மாற்றி வாங்கிக்கொள்ளும். வெளியில் இருக்கிற ஒன்றை நம்பினால் அது நிற்கிற அன்று நம் பக்கமும் நின்றுவிடும். முதலில் அந்தக் கயிற்றை அறுங்கள், மாற்றுவதை நம் கணினியிலேயே செய்துவிட்டு முடிவை மட்டும் மேலேற்றுங்கள்.

அப்புறம் நான் செய்யச் சொல்வது இது. பட்டியல் முழுவதையும் முன்கூட்டியே சாதாரண எச்டிஎம்எல்லாக எழுதி வையுங்கள், ஆண்டுவாரியாகவோ துறைவாரியாகவோ பிரித்து. குந்தா, எமரால்டு பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும், அந்த ஒரு கோட்டிலும் எழுத்து வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் பிறகு வந்து ஃபில்டரை மேலே பூட்டட்டும். வராவிட்டாலும் படிக்க முடியும், தேடுபொறிகளும் படிக்கும். இப்போது உங்கள் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு நூலின் பெயர்கூட இல்லை, வெறும் கூடுதான் இருக்கிறது.

அருவங்காடு நூலகர்

நிரலர் தம்பி சொன்னது சரி, ஆனால் கேத்தித் தம்பி சொன்ன தொல்லையில் பாதி மென்பொருளால் வந்தது இல்லை. ஃபில்டர் என்பது எண்ணுகிற கருவி, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதைத்தான் அது ஒன்றாக எண்ணும். நீலகிரி விஷயத்தில் எழுத்துக்கூட்டல் இருநூறு வருடமாக ஆடிக்கொண்டே இருக்கிறது.

பாருங்கள், 1832இல் ஹார்க்னெஸ் எழுதிய நூலின் தலைப்பில் இந்த மலை "நெயில்கெரி" என்று இருக்கும். 1880இல் கிரிக் எழுதிய மாவட்ட மேனுவலில் "நீலகிரி" என்று நெடிலோடு வரும். 1908இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியருக்கு வந்தால் இன்றைய "நில்கிரி". ஊட்டியை எடுத்தால் ஊட்டகமண்ட், உதகமண்டலம், உதகை, ஊட்டி. தோடர் பழைய ஆங்கில நூல்களில் தோடவர், தூடா என்றெல்லாம் வருவார்கள், தமிழில் எழுதும்போதே தோடர், தொதவர், தொதுவர் என்று மூன்று இருக்கிறது. படகரும் படுகரும் அப்படித்தான், பழைய வெள்ளைக்காரர்கள் பர்கர் என்றுகூட எழுதினார்கள்.

இதற்கு வழி, தலைப்பில் கை வைக்கவே கூடாது. 1832இல் அச்சில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும், அந்த நூலை நூலகத்தில் தேடிப்போகிறவருக்கு அதுதான் அடையாளம். அதற்குப் பக்கத்தில் "இடம்", "சமூகம்", "மொழி" என்று தனிப் புலங்கள் வைத்து, அதில் மட்டும் நாம் தீர்மானித்த ஒரே வடிவத்தைப் போட வேண்டும். ஃபில்டர் இந்தப் புலத்தை மட்டும் பார்க்கட்டும். மாற்று வடிவங்களை ஒரு தனிக் கோப்பில் வைத்து, யாராவது "தொதவர்" என்று தேடினாலும் "தோடவர்" என்று தேடினாலும் அதே பதிவுகள் வரும்படி இணைத்துவிடுங்கள். நூலகத் துறையில் இதை ஆதாரப் பட்டியல் என்போம். சலிப்பான வேலை. அதைச் செய்யாமல் திரையை எத்தனை அழகாக்கினாலும் பிரயோசனம் இல்லை.

முன்னோடி இல்லாமலும் இல்லை. பால் ஹாக்கிங்ஸ் நீலகிரிக்கென்றே ஒரு நூற்பட்டியலை 1978இல் வெளியிட்டார், 1996இல் அதையே பெரிதாக்கி 1603இலிருந்து தொடங்கிக் கொடுத்தார். பாதிரியார் ஃபெனிசியோ மேலே ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதிய வருடம் அது. கணினிக் கோப்பு ஆரம்பிக்கும் முன் அப்படி ஒரு அச்சுப் பட்டியலில் பொருள் தலைப்புகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

கூடலூர் மாணவி

நான் உங்கள் பக்கத்தை நிறையப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன் அண்ணா. என் ஆய்வு பணியர், காட்டுநாயக்கர் இரண்டு சமூகத்தையும் சேர்த்துப் பேசுகிற எழுத்துகளைப் பற்றியது. சமூகம் ஃபில்டரில் இரண்டையும் டிக் செய்தால் இருவரையும் ஒன்றாகப் பேசுகிற கட்டுரை வரும் என்று பார்த்தால், பணியரைப் பற்றியது எல்லாம், காட்டுநாயக்கரைப் பற்றியது எல்லாம் என்று பட்டியல் இன்னும் நீளமாகிறது. அதற்குள்ளேயே கண்ணால் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இது பிழையா, அப்படித்தான் வைத்திருக்கிறார்களா?

கோத்தகிரி நிரலர்

அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எக்ஸிபிட்டில் ஒரே ஃபில்டருக்குள் இரண்டைத் தேர்ந்தால் "இதுவோ அதுவோ" என்று பொருள், இரண்டு வெவ்வேறு ஃபில்டரில் தேர்ந்தால் "இதுவும் அதுவும்". கடையில் செருப்பு வாங்கும் தளத்தில் இது சரி, கறுப்போ பழுப்போ எதுவானாலும் காட்டு என்று கேட்பார்கள். நூற்பட்டியலில் ஒரு பதிவுக்கே பல சமூகம், பல ஆசிரியர், பல பொருள் இருக்கும். ஆய்வாளர் கேட்பது பெரும்பாலும் "இரண்டும் சேர்ந்த" எழுத்தைத்தான். இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதியது எது என்று பார்க்கவும் அதேதான் வேண்டும்.

ஆகவே பல மதிப்பு வரக்கூடிய ஒவ்வொரு ஃபில்டருக்கும் மேலே "ஏதாவது ஒன்று / எல்லாமும்" என்று ஒரு சின்ன மாற்றி வைக்க வேண்டும். வெளியீட்டு வகை, ஆண்டு மாதிரி ஒரே மதிப்பு வருகிற இடத்தில் அது தேவையில்லை, வைத்தால் குழப்பம்தான். தேர்ந்தெடுத்த ஃபில்டர்கள் முகவரியிலேயே பதிந்திருக்கவும் வேண்டும். மாணவி தன் வழிகாட்டிக்கு ஒரு இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் அவர் திறக்கும்போது அதே சுருக்கிய பட்டியல் வர வேண்டும், இல்லையென்றால் "இடது பக்கம் மூன்றாவதை அமுக்குங்கள் சார்" என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தூனேரி படகன்

நான் கணினி ஆள் இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தில் எங்கள் ஊர்களைப் பற்றித்தான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். சமூகம் ஃபில்டரைத் திறந்தால் மேலேயே "பிரிமிட்டிவ் ட்ரைப்ஸ்" என்று ஒரு வரி நிற்கிறது. 1873இல் பிரீக்ஸ் என்ற அதிகாரி எழுதிய நூலின் தலைப்பில் அந்தச் சொல் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். அது அந்த ஆளின் சொல், அந்தக் காலத்துச் சொல். அதை இன்றைக்கு ஃபில்டரில் ஒரு வகையாக வைத்து, டிக் செய்து பார்க்கச் சொல்வது சரியா? அதே வருடம் மார்ஷல் என்பவர் தோடர்களின் மண்டையை அளந்து ஒரு நூல் போட்டார், அதையும் "மானிடவியல்" என்று ஒரே வரிசையில் வைத்திருக்கிறீர்கள். தோடர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் இது எப்படிப் படும் என்று யோசித்தீர்களா? இந்த மாதிரி தலைப்புகளை மறைத்தே விடலாம் என்பது என் கருத்து.

அருவங்காடு நூலகர்

ஃபில்டரைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம் ஐயா. அந்த வரி உடனே எடுக்கப்பட வேண்டும். தலைப்பிலிருந்து சொற்களைத் தானாக உருவி ஃபில்டராக்கினால் இப்படித்தான் வரும். நான் மேலே தனிப் புலம் வேண்டும் என்று சொன்னதற்கு எழுத்துக்கூட்டல் மட்டுமே காரணம் இல்லை. சமூகத்தின் பெயராக அந்த மக்கள் இன்று தங்களை எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் வர வேண்டும், அதை அவர்களிடமே கேட்டுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவர்கள் என்று அரசு தனிப் பிரிவாகக் குறித்த ஆறு பழங்குடிச் சமூகங்களும் நீலகிரியில் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பெயரையும் உட்பிரிவுகளையும் முடிவு செய்ய அந்தந்தச் சமூகத்துப் படித்த பிள்ளைகளே உட்காரட்டும். உங்கள் சமூகத்தின் பெயர் படகரா படுகரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நாங்கள் இல்லை.

தலைப்பை மறைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி எழுதினார்கள் என்பதே ஒரு சான்று. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையே அந்த எழுத்தை எதிர்த்து ஆய்வேடு எழுத உட்கார்ந்தால் அவருக்கு அந்த நூல் கிடைத்தாக வேண்டும். தலைப்பு அப்படியே நிற்கட்டும், அதன் கீழே ஒரு சிறு குறிப்பு வரட்டும்: இது காலனிக் காலத்து மண்டையோட்டு ஆய்வு, இன்று ஏற்கப்படாதது என்று. பொருள் வகையையும் "காலனிக் கால எழுத்து" என்று தனியாகப் பிரிக்கலாம். மொழியியலாளர் எமனோவின் கோத்த மொழிக் கதைத் தொகுப்பும் மார்ஷலும் ஒரே அடுக்கில் நிற்பது எனக்கும் பிடிக்கவில்லை.

தூனேரி படகன்

குறிப்பு போடுவதாக இருந்தால் சரி. பெயர் விஷயத்துக்கு ஊர்ப் பெரியவர்களிடமும் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

கேத்திக்காரன்

அந்த வரியை எடுத்துவிட்டோம் ஐயா, சொன்னதற்கு நன்றி.

தமிழ்த் தேடலுக்கு வருகிறேன். பக்கத்தில் நாங்கள் சேர்த்த தேடல் நிரலில் ஆங்கிலத்துக்காக ஒரு வசதி இருக்கிறது, எழுத்துக்கு மேலே கீழே வரும் புள்ளி கோடுகளை நீக்கிவிட்டு ஒப்பிடும். எமனோ மாதிரி மொழியியலாளர்கள் தோட மொழிச் சொற்களுக்கு ஏகப்பட்ட குறிகள் போட்டிருப்பார்கள், அதை யாரும் விசைப்பலகையில் தட்ட மாட்டார்கள் என்பதற்காக வைத்தது. அதற்குப் பிறகு தமிழில் "கோத்தர்" என்று தேடினால் "கத்தரி" சாகுபடி பற்றிய கட்டுரையும் வருகிறது. "படகர்" என்றால் "படகு" வந்து நிற்கிறது. என்ன நடக்கிறது?

கோத்தகிரி நிரலர்

இதை நான் பல தமிழ்த் தளங்களில் பார்த்துவிட்டேன், இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அந்த நிரல் முதலில் எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியாகப் பிரித்துப்போடுகிறது, பிறகு "குறி" என்று யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறை, வகைப்படுத்திய எல்லாவற்றையும் உதிர்க்கிறது. ஆங்கில எழுத்தின் மேல் புள்ளி ஒரு குறி. ஆனால் யூனிகோடு கணக்கில் நம் புள்ளியும் குறிதான், காலும் கொம்பும் கொக்கியும் குறிதான். கோத்தர் என்பதிலிருந்து எல்லாவற்றையும் உதிர்த்தால் மிஞ்சுவது க, த, த, ர. கத்தரியிலும் அதேதான் மிஞ்சும். படகர் ப-ட-க-ர ஆகிறது, படகு ப-ட-க ஆகிறது, முன்பாதி ஒத்துப்போகிறது என்று அதுவும் வருகிறது. தமிழை எலும்பு வரைக்கும் சுரண்டிவிட்டு ஒப்பிடுகிறது.

சரிசெய்வது ஒரே வரி. எல்லாக் குறியையும் நீக்காதே, யூனிகோடு எண் 0300இலிருந்து 036எஃப் வரை உள்ள பொதுக் குறிகளை மட்டும் நீக்கு என்று மாற்றுங்கள். எமனோவின் குறிகள் போய்விடும், தமிழ் தப்பிக்கும். பிரித்ததை மறுபடி என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்குச் சேர்க்கவும் மறக்க வேண்டாம். "கொ" என்பதை ஒருவர் ஒரே உயிர்க்குறியாகத் தட்டியிருப்பார், இன்னொருவர் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியிருப்பார், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் "ஸ்ரீ" மாதிரி சில எழுத்துகளை அது ஒன்றாக்காது, அதற்கு ஸ வைத்து ஒன்று, ஶ வைத்து ஒன்று என இரண்டு குறியீட்டு வழி இருக்கிறது. அதை நம் மாற்றுப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பொறி, சொல்லைப் பிரிக்கும் இடம். ஜாவாஸ்கிரிப்டில் "சொல்லெழுத்து" என்ற பழைய சுருக்கக் குறி ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் எழுத்தாக ஏற்கும். தமிழ்ச் சொல் முழுவதும் அதன் கண்ணில் வெறும் இடைவெளி. அந்தக் குறி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் யூனிகோடு எழுத்தும் குறியும் சேர்ந்த வகையைப் போடுங்கள்.

வரிசையையும் பாருங்கள். அப்படியே அடுக்கச் சொன்னால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும், அதில் ல, ள, ழ, வ என்று போகும். நம் அகராதியில் ல, வ, ழ, ள. அதனால்தான் உங்கள் இட ஃபில்டரில் அளக்கரை முன்னாலும் அவலாஞ்சி பின்னாலும் நிற்கிறது. பிரவுசரிலேயே மொழிவாரி வரிசைக் கருவி இருக்கிறது, மொழி தமிழ் என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாக அடுக்கிவிடும்.

கொடைக்கானல் கோள்

பழனி மலைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே சூரிய ஆய்வகத்தின் பழைய புல்லட்டின்களை வைத்து இதே மாதிரி ஒரு பட்டியல் செய்துகொண்டிருக்கிறோம். வானியலுக்கு நாசாவின் ஏடிஎஸ் என்ற கட்டுரைப் பட்டியல் தளம் இருப்பதால் பாதி வேலை மிச்சம், உங்கள் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பற்றிய கட்டுரைகளையும் அங்கிருந்தே சுத்தமாக இறக்கிக்கொள்ளலாம், திரும்பக் கையால் தட்ட வேண்டாம்.

எங்களுக்கு அடிபட்டது ஆண்டுப் புலத்தில். எக்ஸிபிட்டில் ஆண்டை எண் என்று அறிவித்தால்தான் 1900 முதல் 1910 வரை என்று வீச்சாகத் தேர முடியும். ஆனால் பழைய பதிவுகளில் "சுமார் 1909", "1909-10", "தேதியில்லை" என்றெல்லாம் இருக்கும், அவை எண்ணாக மாறாமல் ஃபில்டரிலிருந்தே காணாமல் போயின. எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்த காலத்துக் குறிப்புகள் சில அப்படித்தான் மறைந்து கிடந்தன. இப்போது இரண்டு புலம் வைத்திருக்கிறோம், திரையில் காட்ட ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று. உறுதியில்லாத தேதியை எழுத ஐஎஸ்ஓ 8601இன் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதியில் ஒழுங்கான முறையே இருக்கிறது, 1870களில் ஏதோ ஒரு வருடம் என்றால் கடைசி இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் எழுத்து, சுமார் என்றால் பின்னால் அலைக்கோடு.

மறுபதிப்பும் அப்படித்தான். ரிவர்ஸ் என்பவர் தோடர்களைப் பற்றி எழுதியது 1906. மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஆண்டை மட்டும் பதிந்தால் காலவரிசையில் அவர் முக்கால் நூற்றாண்டு தள்ளி வந்து உட்கார்ந்துவிடுவார், அவரை மேற்கோள் காட்டியவர்கள் அவருக்கு முன்னால் நிற்பார்கள். முதல் பதிப்பு ஆண்டு என்று தனிப் புலம் கட்டாயம் வேண்டும்.

ஆசிரியர் பெயருக்கு நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? எங்களுக்கு இன்னும் அது தீரவில்லை.

அருவங்காடு நூலகர்

பெயர்தான் பெரிய தலைவலி. பிப்டெக்ஸ் 1985இல் ஓரன் படாஷ்னிக் எழுதியது, அதற்கு எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்ற நினைப்பு. காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசித் துண்டைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். "ப. முருகன்" என்று எழுதினால் முருகன் கடைசியில் இருப்பதால் தப்பித்தது. "முருகன் ப." என்று கல்லூரிப் பதிவேட்டு முறையில் எழுதினால் ஆளின் பெயரே "ப." ஆகி, முருகன் முன்னெழுத்தாகச் சுருங்கிவிடும். பிறகு இன்னொரு கட்டுரையில் அப்பா பெயரை விரித்துப் போட்டிருப்பார், மற்றொன்றில் ஆங்கிலத்தில் முன்னெழுத்து இரண்டாகியிருக்கும். ஒரே ஆளுக்கு நாலு ரேஷன் கார்டு மாதிரி ஃபில்டரில் நாலு இடத்தில் நிற்பார், ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு கட்டுரை.

தமிழ்ப் பெயரை உடைக்கவே உடைக்காதீர்கள். பிப்டெக்ஸில் பெயர் முழுவதையும் கூடுதலாக ஒரு ஜோடி அடைப்புக்குள் போட்டால் அதை ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளும், நிறுவனப் பெயர்களுக்கும் அதே வழி. நூல் விவரங்களைச் சேகரிக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் பெயர்ப் பெட்டியை ஒற்றைப் புலமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. சிஎஸ்எல் ஜேசன் என்ற மேற்கோள் விவரக் கோப்பு வகையில் குடும்பப் பெயர், இடு பெயர் என்பதற்குப் பதில் அப்படியே காட்டு என்று ஒரு புலம் இருக்கிறது. மூன்றிலும் வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. வரிசைக்கு மட்டும் "முருகன் ப" என்று தனிச் சாவி வையுங்கள், அது திரையில் வர வேண்டாம்.

ஆள் ஒன்றா இரண்டா என்பதை எழுத்து ஒற்றுமையை வைத்து மென்பொருளே தீர்மானிக்க விடக்கூடாது. ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு பேர் இந்த மாவட்டத்திலேயே இருப்பார்கள், ஒருவர் தாவரவியல், ஒருவர் பொருளாதாரம். ஒவ்வொரு ஆளுக்கும் நம் பட்டியலில் ஒரு எண் கொடுத்து, ஆர்சிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் இருந்தால் அதையும் சேர்த்து, பதிவில் அந்த எண்ணை வைத்து இணைக்க வேண்டும். மென்பொருள் "இவர்கள் இருவரும் ஒன்றாக இருக்கலாம்" என்று கேட்கட்டும், சேர்ப்பது மனிதர் கையில் இருக்கட்டும்.

கோத்தகிரி நிரலர்

அக்கா சொன்னதோடு காட்சி பக்கத்தில் ஒரு சின்னச் சேர்க்கை. ஆசிரியர் மூன்று பேர் என்றால் நடுவில் காற்புள்ளியும் கடைசிக்கு முன் "அண்ட்" என்றும் எக்ஸிபிட் தானே போட்டுக்கொள்ளும், தமிழ்ப் பதிவிலும் அப்படியே வரும். அது மொழிக் கோப்பில் இருக்கிற வார்த்தைதான், தமிழுக்கு நாமே ஒன்று எழுதிவிடலாம். பிப்டெக்ஸ் கோப்பில் வரும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் குறிகளையும் மாற்றும்போதே யூனிகோடாக்கிவிடுங்கள், தலைப்பின் நடுவே அடைப்பும் சாய்கோடும் தெரிவது படிக்கிறவரை விரட்டும். தொகுப்பு நூலில் வந்த கட்டுரைகளுக்குத் தாய் நூலைச் சுட்டிவிட்டு விவரத்தை விட்டிருப்பார்கள், அதையும் அந்தக் கட்டத்திலேயே இழுத்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பதிப்பாளர், ஆண்டு இல்லாமல் கட்டுரை அநாதையாக நிற்கும்.

பழைய ஆய்வேடுகளின் தலைப்பை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது அப்படியே வந்திருந்தால் அது திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மாற்றிக் கொடுக்கக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்து மாற்ற வேண்டும், முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கூடலூர் மாணவி

இன்னொரு வேண்டுகோள். பட்டியலில் தேவையானது கிடைத்த பிறகு அதை என் ஆய்வேட்டுக்குக் கொண்டுபோகத் திரும்பக் கையால்தான் தட்டுகிறேன். அங்கேதான் பிழையே வருகிறது. ஜோட்டெரோ பொத்தானை அமுக்கினால் உங்கள் பக்கத்தை வெறும் இணையப் பக்கம் என்று மட்டும் சேமிக்கிறது.

கோத்தகிரி நிரலர்

பதிவின் விவரம் பக்கத்துக்குள் கருவிக்குப் புரியும் வடிவில் இல்லாததால் அப்படி. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் காயின்ஸ் என்ற குறிச்சரம் ஒன்றை வைத்தால் ஜோட்டெரோ பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அடையாளம் கண்டு "எது எது வேண்டும்" என்று கேட்கும். முன்கூட்டியே எச்டிஎம்எல் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிவிடலாம். கூடவே சுருக்கிய பட்டியலை மட்டும் பிப்டெக்ஸாக இறக்க ஒரு பொத்தான், மொத்தக் கோப்பை இறக்க ஒரு பொத்தான்.

மூலத்தையும் இப்போதே ஜோட்டெரோ குழு நூலகத்துக்கு மாற்றிவிடுவது என் விருப்பம் அண்ணா. இன்று ஜேசன் கோப்பைத் திருத்த உங்கள் ஒருவரால்தான் முடிகிறது. குழுவாக வைத்தால் அக்கா பெயரைத் திருத்தலாம், மாணவி புதுக் கட்டுரை சேர்க்கலாம், யாருக்கும் நிரல் தெரிய வேண்டாம். நம் நிரல் தரவைக் கேட்டு வாங்கும் வழியான அதன் ஏபிஐ ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 100 பதிவு கொடுக்கும், கடைசியாக எடுத்ததற்குப் பிறகு மாறியதை மட்டும் கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் வாசகரின் மொபைலிலிருந்து நேராக அதைக் கூப்பிடாதீர்கள். இரவில் நம் கணினி மாறியதை மட்டும் இழுத்து, சுத்தம் செய்து, பக்கங்களை எழுதி மேலேற்றட்டும்.

கேத்திக்காரன்

குழு நூலகம் என்பது மனதுக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே செய்வோம். வரைபடக் காட்சியை என்ன செய்யலாம்? எல்லாப் பதிவும் ஊட்டி மேல் ஒரே குவியலாக விழுகிறது. ஊர்வாரியாகத் துல்லியமாகக் குத்தலாம் என்று ஒரு யோசனை.

தூனேரி படகன்

துல்லியம் வேண்டாம் தம்பி. கல்திட்டை, ஈமக்குழி, கோயில் இடங்களைப் பற்றிய கட்டுரைகள் அதில் நிறைய உண்டு. புள்ளி குத்தி வைத்தால் படிக்கிறவர் மட்டும் வர மாட்டார், தோண்டுகிறவரும் வருவார். தோடர்களின் குடியிருப்பான மந்துகளையும் அப்படிக் காட்ட அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் உரிமை இல்லை.

அருவங்காடு நூலகர்

வட்டம் அளவில் நிறுத்துங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். அதற்கு வரைபடமே வேண்டாம், ஒரு ஃபில்டர் போதும், பக்கமும் இலேசாகும்.

கேத்திக்காரன்

சரி, வரைபடத்தை எடுத்துவிடுகிறோம். தேடலில் அந்தக் குறி நீக்கும் வரியை மாற்றிப் பார்த்தேன் நிரலர் தம்பி, கோத்தர் என்றால் கத்தரி வரவில்லை. குழு நூலகம் திறந்ததும் இணைப்பை இங்கேயே போடுகிறேன். பெயர்த் திருத்தத்தை அக்கா ஆரம்பிக்கட்டும். கொடைக்கானல் நண்பரே, இரண்டு மலைக்கும் ஒரே ஆதாரப் பட்டியல் வைத்துக்கொள்ள முடியுமா, சோலைக்காடு பற்றி எழுதியவர்கள் பாதிப் பேர் இரண்டு பக்கமும் வேலை செய்தவர்கள்தானே?

கொடைக்கானல் கோள்

தாராளமாக. எங்கள் ஆசிரியர் கோப்பை அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் எண் கொடுக்கும்போது முன்னால் மலையின் பெயரைச் சேர்க்காமல் பொதுவாகக் கொடுங்கள், நாளைக்கு ஏற்காட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தாலும் மாற்ற வேண்டியிருக்காது.